பனையேறியின் உழைப்பும் காயமும்

(அங்கத்தினர் பாட வட்டங்களுக்கு உரிய கட்டுரை)

எழுதியவர்: கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்

நமது சங்கங்களின் அங்கத்தினர்களுள் தறியில் அமர்ந்து உழைப்பவர் உளர். நிலத்தில் நின்று உழைப்பவர் உளர். மரத்தின் மேல் உழைப்பவரும் உளர். முதல் இரு வகையினரின் தொழிலைப் பற்றி இத்தகைய பக்கங்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. மூன்றாம் வகையினரைப் பற்றிப் பேச்சு எழுவது பெரும்பாலும் அவர்களுள் ஒருவர் விழுந்த பிறகே. அப்பொழுதும் இரங்கிப் பேசுகிறோமே அன்றி, முன்கூட்டிச் செய்திருக்க வேண்டியது யாது என்று ஆராய்வதில்லை.

ஆதலால் இப்பாடத்தில் மூன்று விஷயங்களைப் பார்ப்போம். பனையேறியின் தொழில் எவ்வாறு நடைபெறுகிறது? அதில் காயம் எவ்வாறு நேர்கிறது? அக்காயத்தின் சுமை முழுவதையும் ஒரு குடும்பத்தின் தலையில் விட்டுவிடாமல் சங்கம் எவ்வாறு பகிர்ந்துகொள்ளலாம்? திருச்செந்தூர், உடன்குடி, சாயல்குடி வட்டாரங்களின் பனைத் தொழிலை உதாரணமாகக் கொள்வோம். தென்னை வளர்க்கும் அங்கத்தினர்களுக்கும் இதில் கூறப்படுவனவற்றுள் பெரும்பகுதி பொருந்தும்.

1. ஒரு நாளின் ஏற்றம்

தென் மாவட்டங்களில் பதநீர்ப் பருவம் ஏறத்தாழப் பங்குனியில் தொடங்கி ஆடி வரை நீடிக்கும். ஆண்டின் கடும் வெயிற்காலமும் இதுவே. பருவம் தொடங்கும் முன்னரே பனையேறி மரத்திலேறி, காய்ந்த ஓலைகளையும் மட்டைகளையும் கழித்து, பாளைகளைப் பக்குவப்படுத்தத் தொடங்குகிறார். ஆண் பனையின் பாளையையும் பெண் பனையின் பாளையையும் வெவ்வேறு விதமாகக் கடிப்பினால் நசுக்கியும் தட்டியும் பதப்படுத்த வேண்டும். பின்னர் நுனியைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்பு பதநீர் புளித்துப் போகாமல் காக்கிறது.

அவருடைய கருவிகள் சிலவே. பாதங்களைப் பிணைத்துப் பிடிப்புத் தரும் தளைநார். அடிமரத்தில் சாய்த்து முதல் ஏற்றத்திற்கு உதவும் முருக்குத்தடி. இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டி. அதனுள் பாளை அரிவாள், கடிப்பு, சுண்ணாம்பு. பதநீரை இறக்குவதற்கு ஒரு குடுவை. மற்றவை எல்லாம் அவருடைய உடம்பே. மார்பை மரத்தோடு அணைத்து, கைகளால் தழுவி, பாதங்களால் உந்தி ஏறுகிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 30 மரங்களில் தொழில் செய்கிறார் என்றும், மரம் ஒன்று 60 அடி உயரம் என்றும், காலையும் மாலையும் ஏறுகிறார் என்றும் கொண்டால், நாளொன்றுக்கு அவர் ஏறும் உயரம் 3,600 அடி. இறங்குவதும் அவ்வளவே. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரங்களுள் ஒன்றான தொட்டபெட்டா கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 8,650 அடி. இப்பனையேறி இரண்டரை நாளில் அவ்வுயரத்தை மிஞ்சிவிடுகிறார். மலைமேல் ஏறுபவர் காலால் நடந்து ஏறுகிறார். இவர் செங்குத்தாக, முழு உடலையும் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்.

கீழே இறங்கிய பதநீரை வீட்டுப் பெண்மக்கள் காய்ச்சுகின்றனர். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். புகையிலும் அனலிலும் மணிக்கணக்காக நின்று கிளறி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி எடுக்க வேண்டும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயருக்குப் பின்னே ஏறும் கணவரின் உழைப்பும் காய்ச்சும் மனைவியின் உழைப்பும் சேர்ந்து நிற்கின்றன. கணவர் விழுந்தால் மனைவியின் அடுப்பும் அன்றே அணைந்துவிடும் என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். ஒரு காயத்தால் இரண்டு உழைப்பாளிகளின் வருமானம் நிற்கிறது.

2. ஓய்வெடுக்க இயலாமையின் காரணம்

இத்தொழிலின் மர்மம் பாளையின் வெட்டுவாயில் இருக்கிறது. சீவப்பட்ட முகம் புதிதாக இருக்கும் வரையில்தான் பதநீர் வடியும். சீவாமல் விட்டால் அம்முகம் காய்ந்து அடைபட்டுப் போகும், ஊற்று நிற்கும். ஆகவே நாள்தோறும் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சில நாட்கள் விட்டுவிட்டால் அந்தப் பாளை வீணாகும். பல நாட்கள் விட்டால் அப்பருவமே வீணாகும்.

நெசவாளர் அங்கத்தினர்கள் தம் தொழிலோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். காய்ச்சலாகப் படுத்த நெசவாளருக்குக் கூலி நஷ்டம் உண்டு. ஆயினும் தறியில் ஏற்றிய பாவு அவர் எழுந்து வரும்வரை காத்திருக்கும். பாளை காத்திராது.

ஆதலால் மணிக்கட்டு சுளுக்கிய பனையேறி மறுநாளும் ஏறுகிறார். உள்ளங்காலில் வெடிப்புக் கண்டவர் துணியைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறார். முதல் நாள் இரவு காய்ச்சலில் கிடந்தவர் தலைச்சுற்றலோடு ஏறுகிறார். சிறு காயத்திற்கு இரண்டு நாள் ஓய்வு கிடைத்திருந்தால் ஆறியிருக்கும். ஓய்வு கிடைக்காமையால் பிடி தளர்கிறது. தளர்ந்த பிடி 60 அடி உயரத்தில் சோதிக்கப்படுகிறது. பெரிய விபத்தை விதியென்று கூறுவோர், அதற்கு முந்திய வாரத்தின் சிறு காயத்தை விசாரிப்பதில்லை.

இதனுடன் கடன் சேர்கிறது. மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, வரப்போகும் பருவத்தின் கருப்பட்டியை ஈடாகச் சொல்லி வைக்கும் வழக்கம் பழையது. முன்பணம் வாங்கியவர் பருவத்தில் ஒரு நாளும் படுக்க முடியாது. சங்கங்களின் கடன் பேரேட்டைப் பார்வையிடுகையில், பங்குனியிலும் சித்திரையிலும் ஒழுங்காகத் தவணை செலுத்திய ஒருவரின் கணக்கு வைகாசியில் சட்டென்று நின்றுபோயிருப்பதைக் காணலாம். காரணப் பகுதியில் ‘தவணை தவறியது’ என்று மட்டும் எழுதியிருக்கும். அவர் வீட்டிற்குச் சென்று விசாரித்தால்தான், மனிதர் தவறவில்லை, மரத்திலிருந்து தவறி விழுந்தார் என்பது தெரியவரும். தவணைப் பட்டியலைக் கவனமாகப் படிக்கும் காரியதரிசிக்கு அதுவே காயப் பட்டியலும் ஆகும்.

3. காயங்களின் வகைகள்

நாட்பட்ட தேய்மானம் முதல் வகை. மார்பு, முன்கை, பாதங்கள் ஆகியவற்றின் தோல் தடித்துக் காய்ப்பேறுகிறது. காய்ப்பு ஓரளவு காப்பு; ஆனால் அது வெடித்தால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். தோள், இடுப்பு, முழங்கால் மூட்டுகளில் நோவு நிலைத்துவிடுகிறது.

இரண்டாம் வகை வெட்டும் கிழிசலும். பனை மட்டையின் இருபுறமும் உள்ள கருக்கு அரம்போல் அறுக்கும். பாளை அரிவாளோ முகம் மழிக்கும் கத்தியைப்போல் தீட்டப்பட்டது. விழும்போது இடுப்பிலுள்ள அரிவாளே உடலில் பாய்வதும் உண்டு. ஆதலால் பெட்டியின் வாய் மூடக்கூடியதாகவும், அரிவாளின் அலகு உறைக்குள்ளும் இருப்பது அவசியம்.

மூன்றாவது கண் காயம். அண்ணாந்து வேலை செய்கையில் கண்ணில் தூசி விழும். சில சமயம் சுண்ணாம்பே விழும். சுண்ணாம்பு கண்ணை எரித்து அழிக்க வல்லது. தாமதியாமல் இமைகளை விரித்துப் பிடித்து, சுத்தமான நீரை இடைவிடாது ஊற்றிக் கழுவ வேண்டும். கால் மணிக்குக் குறையாமல் கழுவிய பின்னரே வைத்தியரிடம் புறப்பட வேண்டும். நீர் உள்ள பாத்திரம் ஒன்று தோப்பில் எப்பொழுதும் இருப்பது நலம்.

நான்காவது மரத்தலையில் வாழும் உயிர்களால் வருவது. குளவி, கதண்டு, தேள், சில வேளை பாம்பு. கீழே கடித்தால் ஓடலாம். மேலே கடித்தால் கையை விடலாகாது. கடியைக் காட்டிலும் கடித்த கணத்தில் உண்டாகும் திடுக்கீடே அதிகக் கேடு செய்யக்கூடும்.

ஐந்தாவதும் கொடியதுமானது வீழ்ச்சி. மரம் நனைந்திருக்கையில் பிடி வழுக்கும். தண்டிலிருந்து மட்டைகளின் நடுவே மாறும் இடம் தனி ஆபத்து உடையது. அப்பொழுது கைகள் தண்டை விட்டு மட்டையைப் பற்றுகின்றன. உலர்ந்து உளுத்த மட்டை கையோடு வந்துவிடும். பாதங்கள் ஊன்ற விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்கும். அதே அதிர்ச்சி மேலேறி, முதுகின் கீழ்ப்பகுதியில் முள்ளெலும்பையும் உடைக்கலாம். எனவே குதிகால் முறிந்து வருபவரின் முதுகையும் மருத்துவர் சோதிக்க வேண்டும். உறவினரும் அதனை நினைவூட்டலாம். முள்ளெலும்பினுள் ஓடும் தண்டுவடம் நசுங்கினால், காயத்திற்குக் கீழுள்ள உடற்பகுதி செயலற்றுப் போகும்.

ஏறும் இயந்திரங்களைப் பற்றிச் சிலர் கேட்பர். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் ஓர் உழவர் ஆக்கிய காலடி இயந்திரம் தென்னைக்குப் பெரிதும் பயன்பட்டு வருகிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ஆம் ஆண்டில் ‘தென்னை மர நண்பர்கள்’ என்னும் பயிற்சியைத் தொடங்கி, இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் இயந்திர ஏற்றம் கற்பித்தது. தென்னையில் காய் பறிக்க ஒரு மரத்தில் ஒன்றரை மாதத்திற்கு ஒருமுறை ஏறினால் போதும். பனையிலோ 30 மரங்களில் நாளுக்கு இருமுறை மாட்டிக் கழற்றுவதற்கே பொழுது போதாது. மேலும் பாளை சீவ இயந்திரத்தை விட்டு மட்டைகளின் நடுவே செல்லவும் வேண்டும். எனவே பனைக்கு உடனடியாக வேண்டுவது எளிய காப்புகள்: மேலே வேலை செய்யும்போது இடுப்பையும் மரத்தையும் இணைக்கும் உறுதியான கயிறு, தேய்ந்த தளைநாரை நாட்பாராமல் மாற்றுதல், பருவத் தொடக்கத்திலேயே உலர்ந்த மட்டைகளைக் கழித்தல், மழையிலும் இடியிலும் ஏறாதிருத்தல்.

4. விழுந்தவரைக் கையாளும் முறை

இப்பகுதியைப் பாட வட்டத்தில் ஒருவர் உரக்கப் படித்து, ஏனையோர் செய்து பழக வேண்டும்.

விழுந்தவரைக் கண்டவுடன் அன்பு மிகுதியால் நால்வர் ஓடிச் சென்று, கையையும் காலையும் பிடித்துத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கின்றனர். இதைப்போல் கேடு பயப்பது வேறில்லை. முள்ளெலும்பு முறிந்து, தண்டுவடம் இன்னும் நசுங்காதிருக்கும் ஒருவரை அவ்வாறு மடக்கித் தூக்கினால், விழுந்தபோது போகாத கால்கள் தூக்கியபோது போய்விடக்கூடும்.

(அ) அவரை அசைக்காதீர்கள். தலையும் கழுத்தும் திரும்பாதபடி ஒருவர் இருகைகளாலும் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

(ஆ) இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள்.

(இ) 108-க்கு அழைத்து, ‘மரத்திலிருந்து விழுந்தார், முதுகில் அடி இருக்கலாம்’ என்று தெளிவாகக் கூறுங்கள்.

(ஈ) வண்டி வர வழியில்லாத தேரிக்காடாயின், தலை, முதுகு, இடுப்பு, கால் ஆகியவை ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு பலர் சேர்ந்து ஒரே சமயத்தில் உருட்டி, கதவு அல்லது பலகையின்மேல் கிடத்தித் தூக்குங்கள். கயிற்றுக் கட்டிலும் போர்வைத் தொட்டிலும் கூடா. அவற்றில் முதுகு வளையும்.

(உ) உண்ணவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம். அறுவைச் சிகிச்சை நேரலாம்.

உயிர் பிழைத்துக் கால்கள் செயலற்றவருக்கு வீட்டிலும் இரண்டு பகைவர் உண்டு. ஒன்று படுக்கைப் புண். உணர்ச்சியற்ற தோல் அழுந்திக்கிடப்பது அவருக்கே தெரியாது. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் இதனைத் தடுக்கலாம். மற்றொன்று சிறுநீர்த் தேக்கமும் அதனால் வரும் நோய்த்தொற்றும். இதற்குரிய பயிற்சியை மருத்துவமனையிலேயே கற்றுவர வேண்டும்.

முடங்கியவர் வாழ்வு முடிந்தது என்று எவரும் கருத வேண்டா. 1954-ஆம் ஆண்டு கார் விபத்தில் கால்களின் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே மருத்துவம் செய்து, வேலூரில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் ஒன்றைத் தோற்றுவித்தார். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கப்பெற்ற அமர் சேவா சங்கத்தின் நிறுவனர் எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துத் தண்டுவடக் காயமுற்றவரே. பனை வட்டாரச் சங்கங்கள் இத்தகைய நிலையங்களின் முகவரியைத் தம் அலுவலகச் சுவரில் எழுதிவைப்பது நன்று.

5. சட்டமும் காப்பீடும்

பனை சீவும் தொழிலாளர் சட்டத்தின் கண்ணுக்குப் படாதவர் அல்லர். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே பனை சீவுதல் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அச்சட்டத்தின் இடத்தைப் பெற்றது. ஆயினும் நஷ்ட ஈடு கோருவதற்கு வேலை கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். வேலை கொடுத்தமைக்குச் சான்றும் வேண்டும். பிறர் தோப்பைப் பாட்டத்திற்கு எடுத்துத் தாமே ஏறுபவருக்கு முதலாளி இல்லை. கூலிக்கு ஏறுபவருக்கோ பெரும்பாலும் எழுத்து இல்லை. ஆதலால் தோப்புடைய அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஏறியவர் பெயர், நாள், மரங்களின் எண்ணிக்கை, கொடுத்த கூலி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருதல் கடமையாகும்.

முதலாளி இல்லாதவருக்குக் காப்பீடே துணை. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயதுக்கு உட்பட்ட வங்கிக் கணக்குடையவர் சேரலாம். 2022 ஜூன் முதல் ஆண்டுச் சந்தா 20 ரூபாய். விபத்து மரணத்திற்கும், இரு கால்களும் மீளாதபடி செயலிழப்பது போன்ற முழு ஊனத்திற்கும் 2 லட்சம் ரூபாய். பகுதி ஊனத்திற்கு 1 லட்சம் ரூபாய். இதில் நமது அங்கத்தினர்கள் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, காப்பு ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது. சந்தா மே மாத இறுதியில் கணக்கிலிருந்து எடுக்கப்படும். அன்று கணக்கில் 20 ரூபாய் இல்லையெனில் காப்பு அறுந்துபோகும். எனவே காரியதரிசிகள் மே மாத நடுவில் அங்கத்தினர்களின் கணக்கை விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, மரத்திலிருந்து விழுதல், பாம்புக்கடி போன்றவற்றிற்கு விபத்தின் காரணத்தை உடனடி மருத்துவமனைப் பதிவு காட்ட வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி. சீட்டில் ‘முதுகு வலி’ என்று மட்டும் எழுதப்பட்டால் கோரிக்கை நிலைக்காது. கூடச் செல்பவர், ‘பனை மரத்திலிருந்து விழுந்தார்’ என்பதையும் நாளையும் நேரத்தையும் முதல் சீட்டிலேயே எழுதும்படி கேட்டுப் பெற வேண்டும். கோரிக்கைப் படிவத்தை 30 நாட்களுக்குள் வங்கியில் கொடுத்துவிட வேண்டும்.

இவையன்றித் தமிழ்நாட்டில் பனைமரத் தொழிலாளருக்கென நல வாரியம் உண்டு. தென்னை ஏறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீடு உண்டு. பதிவு செய்தவர்க்கே பயன் உண்டு. பதிவைப் புதுப்பித்தவர்க்கே அது நிலைக்கும்.

6. சங்கம் செய்யத்தக்கது

காப்பீடு விழுந்த பின்னர் வரும் உதவி. விழாமல் காப்பது ஓய்வு. ஓய்வைத் தனி மனிதர் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ள இயலாது என்று மேலே கண்டோம். பலர் சேர்ந்தால் இயலும். கூட்டுறவின் பொருளே இதுதான்.

அடுத்தடுத்த தோப்புகளில் ஏறும் ஐவர் ஒரு குழுவாகட்டும். ஒருவர் காயமுற்றால் அவருடைய 30 மரங்களை ஏனைய நால்வரும் பகிர்ந்தால் ஆளுக்கு 7 அல்லது 8 மரங்கள். அவற்றுள்ளும் ஊற்று வற்றிவரும் மரங்களை விட்டு, நன்கு வடியும் மரங்களை மட்டும் சீவினால் சுமை இன்னும் குறையும். கிடைக்கும் பதநீரில் பாதி சீவியவருக்கு, பாதி காயமுற்றவர் வீட்டிற்கு என்பது போன்ற பங்கைப் பருவத்திற்கு முன்னரே பொதுக்குழுவில் தீர்மானித்து எழுதிக்கொள்ள வேண்டும். விபத்தன்று பேரம் பேசலாகாது. இந்த ஏற்பாடு பத்து நாட்களுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் உதவியவர்களும் களைத்து விழுவர். அதற்குமேல் கூலிக்கு ஆள் அமர்த்த ஒரு நிதி வேண்டும்.

நிதிக்கு முன்மாதிரி நெசவாளரிடமே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1975-இல் ஏற்பட்ட கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம், நெசவாளர் தம் கூலியில் ரூபாய்க்கு 8 காசு செலுத்த, அரசு 4 காசு சேர்க்கும் முறையில் அமைந்தது. பனைச் சங்கமும் கருப்பட்டி விற்பனையில் ரூபாய்க்கு 2 காசு பிடித்து வைக்கலாம். அங்கத்தினர் ஒருவர் பருவத்தில் சங்கத்தின் மூலம் 40,000 ரூபாய்க்குக் கருப்பட்டி விற்றால் அவர் பங்கு 800 ரூபாய். ஐம்பது அங்கத்தினர் சேர்ந்தால் 40,000 ரூபாய். சிறு காயங்களுக்கு மாற்றாள் அமர்த்த இத்தொகை தொடக்கமாக உதவும். துணைவிதியைத் திருத்திப் பதிவு பெற்ற பின்னரே பிடித்தம் செய்தல் வேண்டும்.

கடன் விஷயத்திலும் ஒரு சிறு மாற்றம் போதும். தவணை தவறியோர் பட்டியலில் ‘காரணம்’ என்று ஒரு பத்தி சேர்க்கப்படட்டும். காயம் என்று கண்டால், நடவடிக்கை அறிவிப்புக்கு முன் நிர்வாகக் குழு அங்கத்தினர் ஒருவர் வீட்டிற்குச் சென்று பார்த்து, தவணை நீட்டிப்பு விண்ணப்பத்தை எழுதி வாங்கி வரட்டும்.

2021-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் கூறப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. விதைத்த பனை பாளைவிடப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் செல்லும். அன்று அதில் ஏற ஆள் இருப்பாரா என்பது, இன்று ஏறுபவரை அவர் பிள்ளைகளின் கண்முன் நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

பாட வட்டத்திற்குரிய வினாக்கள்

1. உங்கள் சங்கத்தில் மரம் ஏறும் அங்கத்தினர் எத்தனை பேர்? அவர்களுள் காப்பீடும் வாரியப் பதிவும் நடப்பில் உள்ளவர் எத்தனை பேர்?

2. சென்ற பருவத்தில் தவணை தவறியவர்களுள் காயத்தால் தவறியவர் யாவர்?

3. உங்கள் ஊரில் அடுத்தடுத்த தோப்புகளில் ஏறும் ஐவரைக் குழுவாகச் சேர்க்க இயலுமா? பதநீர்ப் பங்கு எவ்வளவு என்று தீர்மானிப்பீர்கள்?

4. விழுந்தவரைப் பலகையில் கிடத்தும் முறையை அடுத்த கூட்டத்தில் நால்வர் செய்து காட்டுக.